வயித்துக்கு விரதம்... வாய்க்கு?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏

இன்னைக்கு எழுதப் போறது நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தி. கூச்சமாத்தான் இருக்கு. ஆனா நம்ம வயசுல நிறைய பேர் இதையே பண்றோம்னு தோணுது, அதான்.

போன வருஷம் கந்த சஷ்டி. ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும்தான். காலையும் மாலையும் கவசம். மூணாவது நாள் ராத்திரி ஆபீஸ்ல ஒரு ரிலீஸ். டீம்ல புதுசா சேர்ந்த தம்பி, டெஸ்ட் சர்வர்ல போட வேண்டிய செட்டிங்கை லைவ்ல போட்டுட்டான். அரை மணி நேரம் சிஸ்டம் படுத்துருச்சு. சரி பண்ணது நான்தான். சரி பண்ணின கையோட, இருபது பேர் இருக்கிற குரூப்ல, "இந்த மாதிரி ஆளுங்களை எல்லாம் யாருப்பா இன்டர்வியூ எடுத்தது?"ன்னு போட்டேன். வரிசையா சிரிப்பு எமோஜி வந்துச்சு. உள்ளுக்குள்ள எனக்கு ஒரு பெருமை. அவன் மட்டும் எதுவும் போடல.

ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு பிரச்சனை. விசாரிச்சா, அவன் அதை ரெண்டு நாள் முன்னாடியே கவனிச்சிருக்கான். "ஏன்டா சொல்லல?"ன்னு கேட்டேன். "உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு அண்ணா. நான் நினைச்சது தப்பா இருந்தா, மறுபடியும் குரூப்ல போட்டுடுவீங்களோன்னு..." என்றான்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. ஆறு நாள் வயித்தை அடக்கின எனக்கு, ஒரு நிமிஷம் விரலை அடக்க முடியலையே!

அப்போதான் பாட்டி சொன்ன கதை ஒண்ணு ஞாபகத்துக்கு வந்துச்சு. வழிவழியா எல்லாரும் சொல்ற கதைதான். பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் பெரிய புலவர். ஆனா, தன்கிட்ட வாதத்துல தோத்த புலவர்களோட காதைத் துறட்டியால அறுத்துடுவாராம். நம்ம அருணகிரிநாதர் அவரோட வாதுக்குப் போனார். முருகன் மேல கந்தரந்தாதி பாடினார். ஒவ்வொரு பாட்டுக்கும் வில்லிபுத்தூரார் உடனுக்குடன் பொருள் சொல்லிக்கிட்டே வந்தார். 54வது பாட்டு முழுக்க 'த' வரிசை எழுத்துக்கள் மட்டும்தான். அங்கே திணறிட்டார். போட்டி விதிப்படி இப்போ அவர் காதை அறுக்கலாம். சபையே பார்த்துக்கிட்டு இருக்கு.

அருணகிரியார் அறுக்கல. மன்னிச்சு விட்டார். "இனிமே யார் காதையும் அறுக்காதீங்க" என்று மட்டும் கேட்டுக்கிட்டார். அதனாலதான் 'கருணைக்கு அருணகிரி'ன்னு இன்னைக்கும் சொல்றோம். கவனிங்க, தமிழை வெச்சு ஜெயிச்ச இடத்துலயே அவருக்குக் கருணைக்குத்தான் பேர் கிடைச்சது.

இந்தக் கருணை அவருக்கு எங்கிருந்து வந்துச்சு? வாழ்க்கையே வெறுத்து திருவண்ணாமலைக் கோபுரத்துல இருந்து விழுந்தவர் அவர். "ஏன் இப்படிக் கெட்டுப்போனே?"ன்னு முருகன் கேட்டுக்கிட்டு நிக்கல. கை நீட்டித் தாங்கினான். தாங்கப்பட்டவருக்குத் தாங்கத் தெரிஞ்சது.

என்னையும் ஒருத்தர் தாங்கியிருக்கார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நானும் இதே மாதிரி ஒண்ணைக் கெடுத்து வெச்சேன். சீனியர் ஒருத்தர் ராத்திரி ஒரு மணி வரைக்கும் கூட உட்கார்ந்து சரி பண்ணிக் கொடுத்தார். வெளிய ஒரு வார்த்தை சொல்லல. அதை நான் எப்படி மறந்தேன்?

நாமும் காதை அறுத்துக்கிட்டுத்தான் இருக்கோம் மக்களே. துறட்டிக்குப் பதிலா மீம், ஸ்கிரீன்ஷாட், சிரிப்பு எமோஜி. கேட்டா, "உண்மையைத்தானே சொன்னேன்"ம்போம். உண்மையைத் தனியா கூப்பிட்டுச் சொல்லலாமே!

மறுநாள் அதே குரூப்ல, அதே இருபது பேர் முன்னாடி மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்திட்டு, தனியா ஸாரி சொன்னா கணக்கு சரியாகாதுன்னு தோணுச்சு. அவன் ஒரு தம்ஸ் அப் மட்டும் போட்டான். உடனே எல்லாம் சரியாகிடல. ஒரு மாசம் கழிச்சு ஒருநாள், "அண்ணா, ஒரு சந்தேகம்"னு என் சீட்டுக்கு வந்தான். அன்னைக்கு எனக்குப் பிரசாதம் கிடைச்ச மாதிரி இருந்துச்சு.

சூரனையே மயிலாவும் சேவலாவும் மாத்திக் கூடவே வெச்சுக்கிட்டவன் நம்ம முருகன். அவனைக் கும்பிடற நாம, தப்புப் பண்ண ஒரு தம்பியைக் கூட வெச்சுக்க முடியாதா?

அடுத்த கிருத்திகைக்கு விரதம் இருக்கப் போறவங்க இதையும் சேர்த்துக்கோங்க. அன்னைக்கு ஒருநாள் யாரையும் நாலு பேர் முன்னாடி குறைச்சுப் பேச வேண்டாம். டெலிவரி கொண்டு வர்ற அண்ணன்கிட்ட, வீட்டுல அம்மாகிட்ட, புதுசா வந்த ஜூனியர்கிட்ட, யார்கிட்டயும். பழைய காயம் எதையாவது நாம கொடுத்திருந்தா, அன்னைக்கே ஒரு போன் பண்ணிடுங்க.

முருகன் நம்மைத் தாங்குவான். நாமும் நாலு பேரைத் தாங்குவோம்.

ஓம் சரவணபவ 🙏🦚