தலைவனோடு மாளாத சேனாதிபதி

போர்க்களத்திலே தலைவன் வீழ்ந்த பின்னர் அவனுடைய சேவகன் உயிரோடு மீளுதல் தர்மமா, அதர்மமா என்னும் கேள்வியை நம் முன்னோர் வெறும் வாதப் பொருளாக வைத்துக்கொள்ளாமல், தம் உடலையும் குடிப்பெருமையையும் பணயமாக வைத்தே விடைகாண முயன்றார்கள். சோழர் படையில் வேளைக்காரர் என்றும், பாண்டிய நாட்டில் தென்னவன் ஆபத்துதவிகள் என்றும் பெயர்பெற்ற மெய்காவலர், அரசனுக்கு ஊறு நேர்ந்தால் தாமும் உயிர் துறப்பதாகச் சபதம் ஏற்றவர்கள். திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரமும், புரந்த தலைவன் கண்கலங்கும்படி நேரும் சாவைப் பெறற்கரிய பேறாகவே மதிக்கிறது. வீரன் சாகவேண்டும் என்பதோடு தலைவன் அழவும் வேண்டும் என்ற நிபந்தனை அதில் அடங்கியிருப்பதை நம் மேடைப் பேச்சாளர்கள் ஏனோ எடுத்துச் சொல்வதில்லை.

இந்தச் சபதத்தின் பாரத்தை ஒரு மனிதனுடைய வாழ்விலே வைத்துப் பார்க்க வேண்டுமானால், வெள்ளங்குமரனுடைய சரித்திரத்துக்கு நிகரானது வேறொன்றை நான் அறியேன். மலைநாட்டு நந்திக்கரைப் புத்தூரில் பிறந்த இவன், முதற் பராந்தக சோழனின் மைந்தனான ராஜாதித்தனிடம் பெரும்படை நாயகனாக இருந்தவன். இளவரசனுடைய சேனை திருமுனைப்பாடி நாட்டில் தங்கியிருந்த காலத்தில், பெண்ணையாற்றங்கரையிலே இன்று கிராமம் என்றே வழங்கும் ஊரில் சிவபெருமானுக்குக் கற்றளி எடுத்தான். கி.பி. 943-ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கோயிற் சாசனம், கலியுகம் பிறந்து அன்று 14,77,037-ஆம் நாள் என்று நாள்களையே எண்ணிச் சொல்கிறது. காலத்தை அத்தனை துல்லியமாகக் கணக்கிட்ட அந்தச் சேனாதிபதிக்கு, தன் தலைவனுடைய ஆயுள் இன்னும் ஆறே ஆண்டுகள் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. 949-ஆம் ஆண்டு தக்கோலத்தில், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு நிகழ்ந்த யுத்தத்தில், ராஜாதித்தன் யானைமீது இருந்தபடியே மாண்டான், வெள்ளங்குமரன் மாளவில்லை.

அதன் பின்னர் நடந்ததைத் திருவொற்றியூர்ச் சாசனம் ஒன்று வடமொழியிலே கூறுகிறது. கேரளத்திற் பிறந்து ராஜாதித்தனுக்கு உற்றவராக விளங்கிய ஒருவர், தலைவனோடு கூட மாளாமற்போனது தம் குலத்துக்குத் தகாது என்று நொந்து, வைராக்கியம் மேலிட்டுக் கங்கையில் நீராடி, ஒற்றியூரிலே நிரஞ்சன குருவிடம் விரதம் ஏற்றுச் சதுரானன பண்டிதர் என்னும் நாமத்தோடு மடத்துக்குத் தலைவரானார் என்பது அதன் சாரம். இவரே அந்த வெள்ளங்குமரன் என்று சரித்திர ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். சாசனம் பொறிக்கப்பெற்றதோ, கன்னரதேவன் எனப்பட்ட அந்த மூன்றாம் கிருஷ்ணனின் இருபதாம் ஆட்சியாண்டில். அதாவது, எவனுடைய சேனை தம் தலைவனைக் கொன்றதோ, அந்த அரசனுடைய ஆண்டுக் கணக்கின் கீழேயே அவர் தம் தோல்வியைக் கல்லில் வெட்டக் கொடுத்தார்.

இதனைத் துக்கத்தால் விளைந்த துறவு என்று மட்டும் கொள்வது போதாது. சந்நியாசம் பெறுகிறவன் தனக்குத் தானே சிராத்தம் செய்துகொள்ளும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. உற்றாருக்கும் உடைமைக்கும் அவன் அன்றே இறந்தவனாகிறான். இவர் ஏற்றது சைவ விரதமே ஆயினும் உட்கருத்து வேறன்று. தலைவனுக்கென்று தத்தம் செய்துவிட்ட உயிரை மீண்டும் வீட்டுக்கு எடுத்துச்சென்று அனுபவிப்பது திருட்டுக்கு ஒப்பாகும் என்று அஞ்சிய மனிதர், களத்திலே தவறிய மரணத்தை மடத்திலே நிறைவேற்றிக்கொண்டார் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் இவ்வளவு உயர்ந்த விசுவாசத்துக்கு ஒரு பெருங்குறையும் உண்டு. ஒரு தலைவனுடைய தேகத்தையே சேனையின் உயிர்நிலையாகக் கொண்டால், அந்தத் தேகம் சாய்ந்தவுடன் சேனையும் சாயும். தக்கோலத்தில் அதுதான் நேர்ந்தது. தொண்டை மண்டலம் சோழர் கையை விட்டுப் போயிற்று. ஆனால் 1054-இல் கொப்பத்திலே சோழ மன்னன் ராஜாதிராஜன் அவ்வாறே யானைமேல் மாண்டு படை நிலைகுலைந்த சமயத்தில், இளவல் இரண்டாம் ராஜேந்திரன் முன்வந்து படையைத் திரட்டி வென்று, களத்திலேயே முடிசூடிக்கொண்டான். ஆளுக்கு அன்றிப் பதவிக்குக் கட்டுப்படுதல் என்னும் இக்கால முறையின் வித்து அங்கேயே இருந்தது. இன்றைய ராணுவத்தில், மேலதிகாரி விழுந்தால் அடுத்த படித்தரத்தவன் அக்கணமே பொறுப்பேற்கிறான். நம் சிப்பாயின் பிரமாணமும் அரசியல் சாசனத்துக்கே அன்றித் தனி மனிதனுக்கு அன்று.

இம்முறையில் அன்பு வற்றிப்போயிற்று என்று குறைகூறுவோர் லடாக்கின் ரெசாங் லா கணவாயை நினைக்கவேண்டும். சீனப் போரின்போது, 1962 நவம்பர் 18 அன்று, பதினாறாயிரம் அடிக்கு மேற்பட்ட அந்தப் பனிமேட்டில், குமாவோன் படைப்பிரிவின் சுமார் 120 வீரருள் 114 பேர் மாண்டனர். படுகாயமுற்ற மேஜர் ஷைத்தான் சிங், தம்மைத் தூக்கிச் செல்ல முயன்ற வீரர்களிடம், தம்மை விட்டுவிட்டுத் திரும்பிப் போகும்படி கட்டளையிட்டார். வேளைக்காரனிடம் உடன் சாவதை எதிர்பார்த்தது பழைய தலைமை. உடன் சாகாதே என்று ஆணையிட்டது இது. இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், பின்னதே என்பேன். தன்பொருட்டு இன்னோர் உயிர் போகலாகாது என்று எண்ணும் தலைவன், தன்னோடு நூறு பேர் மாள்வதைப் பெருமையாக ஏற்கும் தலைவனைக் காட்டிலும் தர்மத்தை ஆழ்ந்து உணர்ந்தவன்.

எனினும் உயிரோடு மீண்ட சிலர் சொன்ன செய்தியை முதலில் பலர் நம்பவில்லை. 1963-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அகழிகளிலே ஆயுதம் பிடித்தபடியே உறைந்திருந்த உடல்கள் காணப்பட்ட பின்னரே அவர்களுடைய வாக்கு மெய்யாயிற்று. காயத்துக்குக் கட்டுப்போட வந்த உதவியாளன் ஊசி பிடித்த கையோடு கிடந்தான் என்பர். இறந்தவர் சாட்சி சொன்னாலன்றி இருப்பவனை நம்பமாட்டோம் என்ற அந்த மனோபாவத்திலே, உடன்மாளாதவன் குற்றவாளி என்னும் பழைய தீர்ப்பு இன்னும் ஒளிந்திருக்கிறது. சட்டம் அதனை நீக்கிவிட்டது, ஊர் நீக்கவில்லை. சதுரானன பண்டிதருக்கு ஒரு குருவும் விரதமும் மடமும் கிடைத்தன. இன்று மீள்பவனுக்கு ஓய்வூதியமும் பதக்கமும் கிடைக்கின்றன. அவை வேண்டியவையே, ஆனால் தான் மட்டும் எதற்காக மீந்தேன் என்று இரவிலே எழுகிற வினாவுக்கு அவற்றில் விடையில்லை. ஆகையால், உங்கள் ஊருக்குத் திரும்பி வரும் சிப்பாயிடம் எத்தனை பேரைச் சுட்டாய் என்று கேளாதீர்கள். அவனோடு நின்று மாண்டவர்களைப் பற்றிச் சொல்லச் செய்து, அவன் முடிக்கும்வரை எழுந்து போகாமல் கேளுங்கள்.