அச்சத்தோடு ஒரு பிடி விதையும்

பருவநிலை சீர்குலைந்த எதிர்காலத்தைக் காட்டும் நாவல்கள் நம்மைச் சோர்வடையச் செய்கின்றன என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அமெரிக்க வாசகர்கள் 161 பேரிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய கதைகள் பலருக்குக் கவலையையும் கையறு நிலையையுமே தந்தது தெரியவந்தது. ஆனால் அது அழிவை மட்டும் காட்டி நிறுத்திவிடும் கதைகளின் குறை. எதிர்காலத்தை அஞ்சி எழுதுவதே குறையாகிவிடாது. அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1993-இல் வெளியிட்ட ‘பேரபிள் ஆஃப் தி சோவர்’ நாவலைப் பாருங்கள். கதை 2024-இல் தொடங்குகிறது. மழை பொய்த்த கலிஃபோர்னியாவில் பெட்ரோலைவிடத் தண்ணீருக்கு விலை அதிகம். மதில் சூழ்ந்த குடியிருப்பில் வாழும் லாரன் என்ற பதின்வயதுப் பெண் அழுதுகொண்டிருக்கவில்லை. உண்ணத்தக்க காட்டுச் செடிகளைப் பற்றிப் படிக்கிறாள்; அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு ஓட ஒரு மூட்டை கட்டி வைக்கிறாள். பின்னர் தீயில் வீட்டை இழந்து வடக்கே நடக்கும்போது அவளிடம் விதைகளும் இருக்கின்றன.

“எல்லாம் கற்பனைதானே” என்று தள்ளிவிடவும் முடியாது. பட்லர் வாழ்ந்து, அடக்கம் செய்யப்பட்டிருக்கும் கலிஃபோர்னிய ஊரான ஆல்டடீனா, 2025 ஜனவரியில் காட்டுத்தீயில் பெருமளவு எரிந்தது. அவர் ஜோதிடம் சொல்லவில்லை. தன் காலத்தின் போக்கைக் கூர்ந்து கவனித்து, இப்படியே போனால் எங்கே போய் நிற்போம் என்று கணக்கிட்டார். புள்ளிவிவரம் வெப்பம் எத்தனை டிகிரி உயரும் என்று சொல்லும்; அந்த வெப்பத்தில் ஒரு குடம் தண்ணீருக்காக மனிதர் என்ன ஆவார் என்பதை நாவல்தான் உணர்த்தும். ஆகவே இவற்றைப் படித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்போம்: இந்தக் கதை நடக்காமலிருக்க இன்று நான் எந்த விதையை ஊன்ற வேண்டும்?