ஆறு என்றால் குறையுங்கள், எட்டு என்றால் கிளம்புங்கள்!

காலையில் விரல் மடங்க மறுக்கிறது. குழாயைத் திருகுவதற்குள் கண்ணில் நீர் முட்டுகிறது. வாய்விட்டுச் சொன்னால், "வயசானா வரத்தான் செய்யும், பொறுத்துக்கோங்க" என்கிறார்கள். பொறுத்துக்கொள்ளாதீர்கள்! மூட்டுவாதம் முப்பது வயதுக்காரரையும் பிடிக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையையும் பிடிக்கும். அதை முதுமையின் கணக்கில் எழுதி உங்களை மூலையில் உட்காரவைக்கும் பேச்சுக்கு ஏன் தலையாட்டுகிறீர்கள்?

ஆர்தர் மெயின்வேரிங் போவென் தலையாட்டவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த இளைஞர் அவர். முதுகெலும்பை இறுக்கிப் பிடிக்கும் வாதநோய் அவருக்கு. 1947இல், தன்னைப் போன்ற நோயாளிகளுக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 'ஆர்த்ரைட்டிஸ் கேர்' என்று பின்னாளில் பெயர் பெற்ற அது, ஆராய்ச்சிக்கு நிதி திரட்டிவந்த இன்னோர் அமைப்போடு இணைந்து, 2018 முதல் 'வெர்சஸ் ஆர்த்ரைட்டிஸ்' என்று இயங்குகிறது.

இந்தச் சங்கம் 1990களில் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்ற செவிலியர் வடிவமைத்திருந்த பயிற்சி வகுப்பைப் பிரிட்டன் முழுக்கக் கொண்டுபோனது. வாரம் ஒரு வகுப்பு, 6 வாரம். டாக்டர் வரமாட்டார். பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள்தான் நடத்துவார்கள். அவர்களில் பெரும்பாலோர் மூட்டுவாதக்காரர்கள்.

லோரிக்கின் ஆய்வில் ஒரு வேடிக்கை நடந்தது. உடற்பயிற்சி கூடக்கூட வலி குறையும் என்றுதான் எதிர்பார்த்தார். வலி குறையத்தான் செய்தது. ஆனால், அதற்கும் உடற்பயிற்சியின் அளவுக்கும் தொடர்பு சொற்பம். வகுப்புக்கு வந்தவர்களிடமே கேட்டுப் பார்த்தார். "என்னால் இதைச் சமாளிக்க முடியும்" என்ற எண்ணம் யாருக்கு வளர்ந்ததோ, அவர்களே தேறியிருந்தார்கள். தன்னம்பிக்கை மேடைச் சரக்கு என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களே, இது அளந்து பார்த்த சங்கதி!

அந்த நம்பிக்கை எப்படி வளரும்? கண்ணாடிமுன் நின்று "நான் சிங்கம்" என்று கத்தினாலா? அந்த வைத்தியத்தை நான் என்றைக்கும் நம்பியதில்லை. அந்த வகுப்பில் சொல்லித்தருவது வேறு. வரும் வாரத்துக்கு ஒரே ஒரு வேலை, அதுவும் உங்களுக்குப் பிடித்த வேலை. எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் என்று முடிவு செய்யுங்கள். பிறகு, முடித்துவிடுவேன் என்ற நம்பிக்கைக்கு 10க்கு மதிப்பெண் போடுங்கள். 7க்குக் கீழே வந்தால் திட்டத்தை மாற்றுங்கள். குற்றம் திட்டத்தின்மேல்தான், உங்கள்மேல் இல்லை. முடித்தால் அடுத்த வாரம் மனம் தானே ஒரு படி ஏறும்.

வலிப்பவருக்கு வலியைப் பற்றித் தெரிந்தது வேறு எவருக்கும் தெரியாது. 2002இல் ஆஸ்திரேலியாவில் வாதநோய் நிபுணர்கள் கூடிய மாநாட்டுக்கு நோயாளிகளையும் அழைத்தார்கள். "வலி, வீக்கம் எல்லாம் அளக்கிறீர்களே, எங்களை அடித்துப் போடுகிற அசதியை ஏன் அளப்பதில்லை?" என்று அவர்கள் கேட்டார்கள். அத்தனை ஆண்டுப் படிப்புக்கும் அது உறைக்கவில்லை, பாருங்கள்! பின்னர் மூட்டுவாதத்தின் ஒரு வகையான முடக்குவாதம் பற்றிய ஆய்வுகளில் அசதியையும் அளக்கவேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். வெர்சஸ் ஆர்த்ரைட்டிஸிலும், எந்த ஆராய்ச்சிக்குப் பணம் தருவது என்று ஆராயும் இடத்தில் விஞ்ஞானிகளோடு நோயாளிகளுக்கும் நாற்காலி உண்டு. கை கோணியவர் கையெழுத்துக்கு அங்கே மதிப்பு இருக்கிறது.

மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. முடக்குவாதத்தில் சிகிச்சை தள்ளிப்போனால் மூட்டு சிதையும். மருத்துவரிடம் போங்கள், கேள்வி கேளுங்கள், அசதியையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை எடுங்கள். தெருமுனை வரை நடையா, பேரனுக்கு ஒரு தோசையா, எதுவானாலும் எழுதி மதிப்பெண் போடுங்கள். ஆறா? பாதித் தெருவாகக் குறையுங்கள். எட்டா? செருப்பை மாட்டுங்கள்!