பிறந்தது பிழையா?

தந்தை தேடிய பொருளுக்கு மைந்தன் உரிமை பூணுவது உலக வழக்கு. தந்தை தேடிய பெயருக்கும் அவ்வாறே உரிமை பூணலாகுமா? மணந்த மனைவியிடம் பிறவாத பிள்ளையாயின் உலகம் யாது விடை கூறும்? இவ்வினாவைக் குத்துச்சண்டை மேடைமீது நிறுத்திக் காட்டுகிறது, 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கிரீட்' என்னும் அமெரிக்கப் படம்.

1976-இல் தொடங்கிய 'ராக்கி' படங்களின் தொடர்ச்சி இது. அவ்வரிசையின் நான்காம் படத்தில் (1985) அப்பல்லோ கிரீட் என்னும் வீரன் சோவியத் வீரனொருவனிடம் அடியுண்டு மாள்கிறான். துண்டை வீசிச் சண்டையை நிறுத்தியிருக்கக் கூடியவர் அவனுடைய தோழர் ராக்கி. 'நிறுத்தாதே' என்ற நண்பன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றார், நண்பனை இழந்தார். புதிய படத்தில் அவர் முதியவர். அவரைத் தேடி வருகிறான் அடோனிஸ் என்னும் இளைஞன். அப்பல்லோ மணவாத மாதொருத்தியின் வயிற்றில், அவன் மாண்ட பின் பிறந்த மகன். சிறார் காவல் இல்லத்தில் கிடந்த அவனை அழைத்துச் சென்று வளர்த்தவர் அப்பல்லோவின் மனைவி மேரி ஆன். இவ்வம்மையாரின் பெருந்தன்மையைப் படம் இன்னும் விரித்துக் காட்டியிருக்கலாம்.

தாயின் பெயராகிய ஜான்சன் என்பதோடு போரிடவே அடோனிஸ் விரும்புகிறான். உண்மை வெளிப்பட்டதும், லிவர்பூல் வீரனோடு மோத வேண்டுமாயின் 'கிரீட்' என்ற பெயரைச் சூட வேண்டுமென எதிர்த் தரப்பார் நிபந்தனை விதிக்கின்றனர். பெயர் டிக்கட்டு விற்கும் சரக்காகி விட்டது!

இறுதிச் சுற்றுக்கு முன், இளைஞனின் கண் வீங்கி மூடிக் கிடக்கிறது. ராக்கி சண்டையை நிறுத்த முனைகிறார். முன்னொரு நாள் வீசாத துண்டு அவர் நெஞ்சை அறுத்திருக்குமன்றோ? இளைஞன் மறுக்கிறான். தான் பிறந்தது பிழையன்று என மெய்ப்பிக்க வேண்டுமாம்!

யாமும் உருகினோம். ஆயினும், வீடு திரும்பிய பின் நெஞ்சு ஒப்பவில்லை. பிழை உண்டெனின் அது பெற்றவரைச் சாரும். பிறந்த குழந்தை எவர் முன்னிலையில் எதனை மெய்ப்பிப்பது? பன்னிரண்டு சுற்று அடி வாங்கினால்தான் பிறந்த உரிமை கிட்டுமெனின், அடி தாங்க வலுவில்லாதோர் என் செய்வர்? 'அப்பன் பெயர் தெரியாதவன்' என்று நம்மவர் வாய் கூசாது வைவதையும் இங்கே எண்ணிக் கொள்க.

நிற்க. படம் ஒரு நேர்மையைக் காத்தது. அடோனிஸ் தோற்கிறான். மேரி ஆன் அனுப்பிய உடையில் இரு பெயர்களையும் தாங்கிப் போரிட்டு, நடுவர் தீர்ப்புப் பிளவுபட்டுத் தோற்கிறான்.

முடிவில் பிலடெல்பியா கலைக்கூடத்துப் படிகள் வருகின்றன. 1976-இல் ராக்கி துள்ளி ஓடி ஏறியவை. புற்றுநோயால் தளர்ந்த அதே மனிதர் இப்பொழுது படிக்குப் படி நின்று மூச்சு வாங்குகிறார். இளைஞன் விரைந்து முன்னே ஏறிவிடவில்லை. உடன் நின்று கைகொடுத்து ஏற்றுகிறான்.