மெஷினில் தைத்தால் கைவேலை ஆகாதா?

குளிர்நாட்டில் குடியேறிவிட்ட நம்மில் சிலருக்கு, பிறக்கப்போகும் பேரனுக்கோ பேத்திக்கோ ஒரு குவில்ட் தைத்துக் கொடுக்கும் ஆசை வந்திருக்கிறது. மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் பிணைக்கும் தையல்தான் குவில்டுக்கு உயிர். அதைக் கையால் இடாமல் மெஷினில் ஓட்டிவிட்டு, "என் கையால் செய்தது" என்று சொல்லிக் கொடுப்பது நியாயமா?

அமெரிக்கர்களும் இதைப் பற்றி வாதாடியிருக்கிறார்கள். கென்டக்கி மாநிலத்துப் படூக்கா நகரில் 1989-ல் நடந்த அமெரிக்கக் குவில்ட் சங்கப் போட்டியில், கேரல் பிரையர் ஃபாலர்ட் சூரிய கிரகணத்தைக் காட்டித் தைத்த குவில்ட் தலைசிறந்த பரிசைப் பெற்றது. மெஷினில் தைத்த ஒன்றுக்கு அங்கே அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. கைத்தையலே தையல் என்றிருந்தவர்களுக்கு அது எளிதில் ஒப்பவில்லை.

'ஃப்ரீ மோஷன்' முறையைச் சில நாள் பழகினால் இந்த வழக்கு வேறு மாதிரித் தெரியும். துணியை நகர்த்தும் பற்களைக் கீழே இறக்கிவிட்டு, டார்னிங் ஃபுட்டை மாட்டுகிறோம். பிறகு மெஷினுக்கு ஊசியை ஏற்றி இறக்குவது ஒன்றே வேலை. எந்தப் பக்கம் போவது, எவ்வளவு தூரத்தில் அடுத்த தையல் என்பதெல்லாம் நம் கை. பெடலை வேகமாக மிதித்துக் கை மெதுவாகப் போனால் தையல் எறும்பு வரிசையாய் நெருங்கும். கை முந்தினால் கால்விரல் நகம் மாட்டும் அளவுக்கு நீளும். வளைவில் அவசரப்பட்டால் அடிப்பக்கத்து நூல் இமைமயிர் போல் வளைந்து நிற்கும். பல ஆண்டு ரவிக்கை தைத்த கையானாலும் இங்கே அரிச்சுவடிதான். ஒரு சாண் துண்டுகளில் தைத்துத் தைத்துத்தான் படியும். இதைக் கைவேலை இல்லையென்று நம்மால் சொல்ல முடியவில்லை.

தையல் நீளத்தைத் தானே சமன்செய்யும் ரெகுலேட்டரும் இப்போது உண்டு. அதிலும் குறையில்லை, போகும் வழி நம்முடையதே. கூலி கொடுத்தால், கணினி ஓட்டும் பெரிய மெஷினில் பிறர் முழுக்கத் தைத்துத் தருவார்கள். அதுவும் தவறில்லை. ஆனால் குவில்டின் பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதி ஒரு சிறு துணித்துண்டு தைப்பது வழக்கம். ஒட்டுப்போட்டவர் ஒருவர், தைத்தவர் வேறொருவர் என்றால் இரு பெயரையும் எழுதுவார்கள். "பேரன் கேட்கவா போகிறான்?" என்று அதை விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

பேரன் கேட்க மாட்டான். புதிதாகக் கற்கும் பெண் ஒருத்தி அந்த வழுவழுப்பான வேலையைப் பார்க்கிறாள், தன் கோணல் தையலை நினைத்துக்கொள்கிறாள், வீட்டுக்குப் போய் மெஷினை மூடி வைத்துவிடுகிறாள்.