யார் எழுதிய கணக்கு?

தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் தலவாக்கலையிலும் சுற்றுப்பட்டணங்களிலும் சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் பெறுபேறு வரும்வரை கம்பியூட்டர் வகுப்புக்குப் போவது வழக்கமாகிவிட்டது. வேர்டில் ஒரு விண்ணப்பக் கடிதம், பவர்பாயின்ட்டில் நாலு பக்கம், பிறகு எக்செல். இந்த மூன்றாவது பாடத்தில்தான் சமயம் நுழைகிறது.

கணக்கும் சமயமும் பழைய உறவினர். யமனுக்குக் கணக்கெழுதும் சித்திரகுப்தனுக்குக் காஞ்சிபுரத்தில் தனிக்கோயில் உண்டு. இரட்டைப் பதிவு முறையை 1494இல் அச்சுநூலில் விளக்கிய லூக்கா பச்சோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது: முன்பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்பிறவியில் அனுபவித்துத் தீர்ப்பது பிராரத்தம், தீர்க்கும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். வணிகக் கணக்குப் படித்தவர் இதை முன்மீதி, கழிவு, புதுப்பதிவு என்று உடனே இனங்கண்டுகொள்வார்.

தேயிலைத் தோட்டத்தில் இந்த முன்மீதி கசந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் மலையேறும் முன்பே வழிச்செலவும் முற்பணமும் அவர் பேரில் கடனாக ஏறியிருந்தன. இன்னொரு தோட்டத்துக்குப் போக, ‘இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுகிறேன்’ என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். அந்தத் துண்டு முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. எழுத்தறியாதவருக்குக் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் வைத்திருந்த பேரேடு தலையெழுத்தாகவே தெரிந்தது. ஏன் இவ்வளவு என்று கேட்க வழியில்லை.

அப்படிக் கேட்காதே என்றுதான் வினைக்கொள்கை சொல்கிறதா?

விடை தேட, எக்செல்லில் ஒரு தோட்டத் தொழிலாளியின் சம்பளச் சீட்டைப் போட்டுப் பார்க்கலாம். 2024இல் நிர்ணயித்த நாள் சம்பளம் 1,350 ரூபாய், 22 பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்). மொத்தம் 29,700. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் கழிக்கும் 8 வீதம் 2,376. நிர்வாகம் போடவேண்டிய 12 வீதம் 3,564. 22ஐ 21 ஆக்கினால் மூன்று தொகையும் அந்த நொடியே இறங்கி 28,350, 2,268, 3,402 என்று நிற்கின்றன. 1979இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ‘விசிகால்க்’ மூலம் கொண்டுவந்த வசதி இது. தொகை இருக்கும் கட்டத்தைத் தொட்டால், அது எங்கிருந்து வந்தது என்ற சூத்திரமும் மேலே தெரியும்.

ஆனால் அந்தத் தொழிலாளி வேலைக்குப் போனது 22 நாளா 21 நாளா என்பது எக்செல்லுக்குத் தெரியாது. மெய்கண்டார் மரபும் வினையைச் சடம் என்கிறது. யாருடைய வினை என்று அறிந்து அது தானாகப் போய்ச் சேராது. அறிவுள்ள முதல்வன் கூட்டுவிக்க வேண்டும். குருவருளால் சஞ்சிதம் எரியும் என்றும் அதே மரபு சொல்கிறது. ஆக, அங்கேயும் கணக்கு தன்னந்தனியே ஆள்வதில்லை. அங்கே கூட்டுவிப்பவன் பிழை செய்யாத சிவன். செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பேர் போடுபவரோ மனிதர். விதி என்று சொல்லிச் சம்பளச் சீட்டை வாய்மூடி வாங்கவைப்பவர் அந்த மனிதரைச் சிவனின் இடத்தில் உட்கார்த்துகிறார்.

கணினி வந்ததால் மட்டும் இது மாறிவிடாது. கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர் போட்டால் கட்டத்தில் 0.5 விழும். மழையா, வறட்சியா, மலையில் கொழுந்தே இல்லையா என்ற காரணம் அதில் இராது. காரணத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பத்தி திறக்க ஒரு கிளிக் போதும். திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் இப்போதும் தோட்டத்து ஆபீசில்தான் இருக்கிறார்.