விரலும் விருப்பமும்

சிறையிருந்த சீதையைத் தேடிச் செல்லும் அனுமனிடம் இராமன் கணையாழியை மட்டும் கொடுத்தனுப்பவில்லை. தானும் சீதையும் மட்டுமே அறிந்த சில நிகழ்ச்சிகளையும் அடையாள மொழிகளாகச் சொல்லி அனுப்பினான் என்று கம்பர் காட்டுகிறார். மோதிரம் ஒன்றே போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. மோதிரம் கைமாறக்கூடியது, கவரப்படக்கூடியது, அதனைப் போலவே வேறொன்றைச் செய்யவும் கூடும். உள்ளத்தில் உறையும் சொல்லோ, உடையவன் வாய்திறந்து சொன்னாலன்றி வெளிவராது. ஆகவேதான் பொருளும் சொல்லும் ஒன்றுக்கொன்று துணையாக அனுப்பப்பட்டன.

இன்றைய மனிதனின் உள்ளங்கையில் அதே சிக்கல் புதிய வடிவில் வந்து அமர்ந்திருக்கிறது. திறன்பேசியின்மேல் விரலை வைத்தால் அது திறந்துகொள்கிறது. அதனுள் இருப்பவை சிறியன அல்ல. வங்கிப் பணம், மருத்துவக் குறிப்பு, குடும்பப் படங்கள், நண்பர் நம்பிச் சொன்ன செய்திகள் எனப் பலவும் அந்தச் சிறு கண்ணாடிக்குப் பின்னால் அடங்கிக் கிடக்கின்றன. இவ்வளவையும் காக்கும் பொறுப்பை ஒரு விரல்நுனியிடம் ஒப்படைக்கலாமா? இது பொறியாளர் விடை கூற வேண்டிய வினா என்றே பலரும் எண்ணுவர். ஒரு பாதிக்கு அது உண்மை. மறுபாதி அறவியலார் ஆராய வேண்டியது. பூட்டின்முன் நிற்பவரை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ‘நீ யார்?’ என்பது ஒன்று. ‘நீ இதற்கு இசைகின்றாயா?’ என்பது மற்றொன்று. விரல் முதற்கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. இரண்டாவது கேள்விக்கும் அதுவே விடை என்று கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது.

கைநாட்டின் கதை

மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த முன்னோருக்குக் ‘கைநாட்டு’ என்னும் சொல் வடுவாக இருந்தது. எழுத்தறியாத தொழிலாளி பெருவிரலை மையில் தோய்த்துத் தாளில் பதிப்பான். அந்த மை கழுவினால் போய்விடும். அதனால் வந்த தாழ்வு எளிதில் போகவில்லை. ஏன்? விரல் பதித்ததனால் தாழ்வு வரவில்லை. எதன்மேல் விரல் பதித்தான் என்பதை அவன் அறியாததனால் வந்தது. கடன் பத்திரமாயினும் ஒப்பந்தமாயினும், ‘இவன்தான் வந்தான்’ என்று மட்டுமே அவன் விரல் சான்று கூறியது. ‘படித்தறிந்து ஒப்பினான்’ என்று அது கூறவில்லை. தன் பெயரைத் தானே எழுதக் கற்ற நாளில் அத்தொழிலாளி அடைந்த பெருமிதத்திற்குப் பொருள் இதுவே. கையெழுத்து அவனுடைய அறிவும் விருப்பமும் சேர்ந்து இயங்கியதன் அடையாளமாயிற்று. அவனுடைய பேரப்பிள்ளைகள் பட்டம் பெற்றுவிட்டார்கள். அவர்களே இன்று ஒரு நாளில் பன்முறை, எதையும் எண்ணாமல், விரலைப் பதிக்கின்றார்கள்.

விரல் ரேகை பிறந்த வரலாறும் இங்கே நினைவுகூரத் தக்கது. 1858ஆம் ஆண்டு வங்காளத்தில் ஆட்சி அலுவலராக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைப் பணிக்குரிய பொருள் வழங்கும் ஒப்பந்தம் ஒன்றில் இராஜ்யதர் கோனாய் என்பாரின் முழுக் கையையும் பதிக்கச் செய்தார். பின்னாளில் ‘இது என் ஒப்பம் அன்று’ என அவர் மறுத்துவிடக் கூடாது என்பதே நோக்கம். ஆக, ரேகை நம்பிக்கையின் குழந்தையாகப் பிறக்கவில்லை. ஐயத்தின் குழந்தையாகவே பிறந்தது. 1892இல் பிரான்சிஸ் கால்டன் அதனை நூலாக ஆராய்ந்தார். 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பணியகம் அமைந்தது. அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இருவரும் ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்தனர். 1948இல் அவசரகாலம் தொடங்கிய மலாயாவில் அடையாள அட்டையில் பெருவிரல் இடம்பெற்றது. 2001இல் வந்த மைகாட் அட்டையின் சில்லுக்குள்ளும் அது புகுந்தது. 2013இல் ஐபோன் வழியாக விரல் ரேகைப் பூட்டு உலகெங்கும் பரவலாயிற்று. ‘இவன் யார்?’ என்று அரசும் காவலரும் கேட்ட கேள்விக்குப் பிறந்த கருவி, இவ்வாறு வீட்டுச் சாவியாக மாறிவிட்டது.

பூட்டின் வலிமை

குறை கூறுமுன் நிறையை ஒப்புக்கொள்வது அறம். விரல்நுனியில் மேடுகளும் பள்ளங்களும் உள்ளன. மின்னேற்ற வேறுபாட்டாலோ, ஒளியாலோ, செவிக்கெட்டாத ஒலியாலோ திறன்பேசி அவற்றை அளக்கிறது. கோடுகள் முடியும் இடங்களையும் கிளைக்கும் இடங்களையும் எண்களாக மாற்றி, கருவியின் தனிக்காவல் உள்ள பகுதியில் வைத்துக்கொள்கிறது. முன்பின் அறியாத ஒருவரின் விரல் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு 50,000இல் ஒன்று என ஆப்பிள் நிறுவனம் தன் பூட்டைப் பற்றிக் கூறியது. நான்கு இலக்க மறையெண்ணை ஒரே முயற்சியில் ஊகிக்கும் வாய்ப்போ 10,000இல் ஒன்று. அதிலும் பிறந்த ஆண்டையும் 1234ஐயும் மறையெண்ணாக வைப்போர் பலர். பூட்டே இடாதவரும் உண்டு. பேருந்தில் அருகிலிருப்பவர் மறையெண்ணை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். விரலை எட்டிப் பார்த்துப் பயனில்லை. வழிப்போக்கரையும் சில்லறைத் திருடரையும் தடுக்க இப்பூட்டு பெரும்பாலும் போதுமானதே.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. ஈரம், சாய்வு, அழுத்தம் ஆகியவற்றால் ஒரே விரல் இருமுறை ஒரேவகையாகப் பதிவதில்லை. ஆதலால் கருவி ‘இது அதுவே’ என்று அறிவதில்லை. ‘போதிய அளவு ஒத்திருக்கிறது’ என்று மதிப்பிடுகிறது. அளவுகோலைத் தளர்த்தினால் அயலார் நுழைவர். இறுக்கினால் உரியவரே வெளியில் நிற்பர். இவ்விரண்டுக்கும் இடையே எங்கோ ஓரிடத்தில் கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது.

பூட்டின் குறை

2002ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் மட்சுமோட்டோ, சமையலறைப் பொருளாகிய ஜெலட்டினைக் கொண்டு செய்த போலி விரலால் அந்நாளைய ரேகைக் கருவிகளை ஏமாற்றிக் காட்டினார். 2013இல் ஐபோனின் ரேகைப் பூட்டு விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே, கண்ணாடிமேல் படிந்த ரேகையைப் படம்பிடித்து அதனைத் திறந்தனர் ஜெர்மானியக் கணினி வல்லுநர். 2014 டிசம்பரில் அதே குழுவினர், ஜெர்மானியத் தற்காப்பு அமைச்சரின் ரேகையைப் பொதுநிகழ்ச்சியில் எடுத்த படங்களிலிருந்தே உருவாக்கியதாக அறிவித்தனர். 2017இல் அமெரிக்க ஆய்வாளர் வேறொரு குறையைச் சுட்டினர். சிறிய உணர்கருவி விரலின் ஒரு பகுதியையே காண்கிறது; ஆகவே பலருடைய பகுதி ரேகைகளோடு ஒத்துப்போகும் பொதுரேகைகளை அமைக்கக் கூடும் என்றனர். 2019இல் தென்கொரிய நிறுவனம் ஒன்றின் திறன்பேசி, சிலவகைத் திரையுறைகளை இட்டபோது எவர் விரலுக்கும் திறந்துகொண்டது. நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டு மென்பொருளைத் திருத்தியது.

கருவிகளின் குறைகள் நாளடைவில் திருந்தலாம். திருத்த இயலாத குறை ஒன்று உண்டு. ரேகை மறைபொருள் அன்று. தேநீர்க் குவளையிலும் கதவுப் பிடியிலும் திறன்பேசியின் கண்ணாடியிலுமே மனிதன் அதனை விட்டுச் செல்கின்றான். மறைச்சொல் களவுபோனால் வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். விரலை மாற்றிக்கொள்ள இயலுமா? 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 இலட்சம் பேரின் ரேகைகள் களவாடப்பட்டமை வெளிப்பட்டது. அந்த ஊழியர்களுக்கு வேறு விரல்களை யார் கொடுப்பார்?

இன்னொரு குறை எளியோரை வருத்துவது. சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் உழைத்தவர், முதுமை அடைந்தவர் ஆகியோரின் ரேகை தேய்ந்துவிடுகிறது. சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயது முதியவர் ஒருவர், புற்றுநோய் மருந்தால் ரேகை அழிந்துபோனமையால் அமெரிக்க விமான நிலையத்தில் சில மணிநேரம் நிறுத்திவைக்கப்பட்டார் என 2009இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. உழைப்பும் நோயும் ஒருவரின் கையைத் தேய்க்கலாம். அதனால் அவர் வேறொருவர் ஆகிவிடுவாரா?

உறங்கும் விரல்

இதுவரை கண்டவை கருவி ஏமாறிய கதைகள். கருவி சிறிதும் ஏமாறாத இரண்டு நிகழ்ச்சிகளே இவ்வாராய்ச்சிக்கு உயிரானவை. 2016ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, உறங்கிக்கொண்டிருந்த தாயின் பெருவிரலைத் திறன்பேசியில் வைத்து, 250 டாலருக்கு விளையாட்டுப் பொருள்கள் வாங்கினாள். செய்தி கேட்டோர் சிரித்தனர். 2005ஆம் ஆண்டு மலேசியாவில் நிகழ்ந்ததோ சிரிக்கத் தக்கதன்று. விரல் ரேகையால் இயங்கும் விலையுயர்ந்த கார் ஒன்றைக் கவர்ந்த கொள்ளையர், அதனை மீண்டும் இயக்குவதற்காக உரிமையாளரின் சுட்டுவிரல் நுனியை வெட்டி எடுத்துக்கொண்டனர்.

இரண்டிலும் விரல் பொய்யன்று, உரியவருடைய விரலே. குறைவற்ற கருவி என்றாலும் இங்கே அதே விடையைத்தான் தந்திருக்கும். இல்லாதிருந்தது ஒன்றே: உரியவரின் விருப்பம். உறங்கும் தாயின் விரலுக்கும் விழித்திருக்கும் தாயின் விரலுக்கும் வேறுபாடு காணக் கருவிக்குத் தெரியவில்லை. உடம்பு அங்கே இருந்தது. உள்ளம் அங்கே இல்லை. உடம்பையே சாவியாக்கிய பின்னர், சாவியைத் தேடுபவன் உடம்பையே நாடி வருவான். வெட்டிய விரல் கருவியை இயக்குமா என்பதுகூட இங்கே பெரிதன்று. இயக்கும் என்று கொள்ளையன் நம்பினாலே கேடு நேர்ந்துவிடுகிறது.

நீதிமன்றங்களும் இவ்வினாவில் ஒருமனப்படவில்லை. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்பது அமெரிக்க அரசமைப்பின் நெறி. காவலர் ஒருவரின் பெருவிரலைப் பிடித்துத் திறன்பேசியில் வைத்தால் அது சாட்சி ஆகுமா? 2024 ஏப்ரலில் அந்நாட்டின் மேற்கு மாநிலங்களுக்குரிய மேல்முறையீட்டு நீதிமன்றம், அதற்குச் சிந்தனை முயற்சி ஏதும் தேவையில்லை, எனவே அது சாட்சியாகாது என்றது. 2025 ஜனவரியில் வாஷிங்டனிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமோ, வற்புறுத்தித் திறக்கவைக்கும் செயல், கருவி அவர் ஆளுகையில் உள்ளது என்பதையே பேசிவிடுகிறது. ஆகவே அது சாட்சியே என்றது. விரல் பேசுமா பேசாதா என்னும் வினா அறிஞர் மன்றத்திலேயே முடிவுறாமல் நிற்கிறது.

மறைச்சொல்லையும் மிரட்டிப் பெறலாமே என்று மறுப்போர் உளர். பெறலாம். ஆனால், மிரட்டப்பட்டவன் சொல்வதா மறுப்பதா என்று ஒரு கணமேனும் தன் உள்ளத்தோடு போராடுகின்றான். அவனுடைய ‘இல்லை’ என்னும் சொல்லுக்கு இடம் இருக்கிறது. உறங்குபவனுக்கும் மயங்கிக் கிடப்பவனுக்கும் மறுப்பதற்கும் வாய்ப்பில்லை. மறுக்க இயலாத ஒருவரிடமிருந்து பெறுவதை இசைவு என்று எந்த அறநூலும் ஏற்காது.

கற்கத் தக்கது

அப்படியாயின் விரல் ரேகைப் பூட்டைத் துறந்துவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. கதவுக்குத் தாழ்ப்பாளும் வேண்டும்; பேழைக்குத் தனிப் பூட்டும் வேண்டும். அன்றாடப் பயனுக்கு விரல் போதும். பணமும் பிறர் மறைகளும் உள்ள இடத்திற்கு நீண்ட மறைச்சொல் துணைநிற்கட்டும். திறன்பேசியை அணைத்து மீண்டும் இயக்கும்போதும், பொருந்தாத விரல் பன்முறை படும்போதும் கருவியே மறையெண்ணைக் கேட்கிறது. விரல் மட்டும் போதாது என்பதை அதனைச் செய்தவர்களும் அறிந்தே இருக்கின்றனர்.

பூட்டைக் காட்டிலும் பெரியது, பூட்டின்முன் நிற்பவரின் ஒழுக்கம். வகுப்பறையில் நண்பனின் கையை விளையாட்டாகப் பற்றி இழுத்து அவன் திறன்பேசியில் வைக்கும் மாணவன், தான் தவறு செய்வதாக எண்ணுவதில்லை. உறங்கும் கணவனின் விரலை எடுக்கும் மனைவியும், மகளின் விரலை அழுத்தும் தந்தையும், ‘நம்மவர்தாமே’ என்று அமைதி கொள்ளலாம். இவர்கள் எவரும் கொள்ளையர் அல்லர். ஆனாலும் மற்றவரின் உடம்பை, அவர் உள்ளத்தைக் கேளாமல், கருவியாக ஆண்டுவிட்டனர். திறக்க முடிவது வேறு. திறக்கத் தக்கது வேறு. இவ்வேறுபாட்டை இளமையிலேயே உணர்த்துவது கல்வியின் கடமை.

அன்று தொழிலாளி தன் பெயரை எழுதக் கற்றது, தன் விருப்பத்தைத் தானே எழுதிக் காட்டுவதற்காக. அவன் வழிவந்தவர்கள் அந்த உரிமையை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் மறந்துவைத்துவிடலாகாது. மோதிரம் வந்து சேர்ந்தாலும், மொழியும் வந்து சேர்கிறதா என்று கேட்பதே அறிவுடைமை.